சொட்டு போன வழி

மோட்டார் சைக்கிளின் டாங்க்கைக் கழற்றிச் சாக்கின் மேல் கவிழ்த்தபோது அதிலிருந்து துருவைத் தவிர வேறெதுவும் விழவில்லை. தனியாகக் கழற்றி எடுத்த டேப்பிலிருந்துதான் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. யேசுவடியான் அதன் மேல்குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார், கீழ்த்துளையை விரலால் பொத்திப் பார்த்தார், லிவரைத் திறக்கிற பக்கமும் அடைக்கிற பக்கமும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சொட்டியது. டாங்க் இல்லை, டியூப் இல்லை, ஒரு மனிதனின் உள்ளங்கையில் கிடந்துகொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொட்டாக அவருடைய மணிக்கட்டு வழியே இறங்கிச் சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வாசர் போயிருக்கு," என்றார்.

"அது எனக்கும் தெரியும் அண்ணாச்சி. நிக்குமா நிக்காதா?"

"வாசர் மாத்துனா நிக்கும். நிக்காம எங்க போகும்?"

"எங்க போகுதுன்னுதான் தெருவே கேட்டுக்கிட்டிருக்கு," என்றாள் சண்முகத்தாய்.

அவள் முற்றத்துக்கு இறங்கவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். முன்கதவும் பின்கதவும் முழுக்கத் திறந்திருந்தன. தெருவில் நிற்கிற யாரும் வீட்டுக்குள் ஊடுருவிப் பார்த்துப் பின்பக்கக் கொடியில் காய்கிற துணியை எண்ணிவிடலாம். எதிர்வீட்டுப் பேச்சித்தாய் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தீப்பெட்டி ஒட்டுகிற அட்டையையும் பசைக் கிண்ணத்தையும் தன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து உட்கார்ந்திருந்தாள். அவள் டேப்பைப் பார்க்கவில்லை. யேசுவடியான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாள்.

"மெக்கானிக்குக்குத் தண்ணி கிண்ணி குடுத்தியா சம்முகத்தா?"

"அவுகளே கொண்டு வந்திருக்காக மதினி."

"கொண்டு வந்திருப்பாக. எல்லாத்தையும் கொண்டுதான் வந்திருப்பாக."

யேசுவடியானுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, சர்க்கரை வியாதி இருந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருந்தது. இதெல்லாம் தனக்கு உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சாக்கை இழுத்து, தெருவுக்கு நேராக முகம் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் சொட்டு நின்றாக வேண்டும் என்று தெருக்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. நிற்காவிட்டால் சண்முகத்தாய் வீட்டைப் பூட்டி, சாவியைப் புருஷனுடைய அண்ணன் பெருமாள்சாமியிடம் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். புருஷன் செண்பகராஜ் கத்தாரிலிருந்து வந்தபிறகு பார்த்து என்ன செய்கிறானோ அது அவன் இஷ்டம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்திகூடத் திரும்பி வந்ததாக அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை, சண்முகத்தாய்க்கும் ஞாபகமில்லை. பிறந்த வீட்டில் அவள் படுத்திருந்த அறையில் அவளுடைய தம்பி கோழித்தீவன மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தான். இந்த வீட்டுக்கோ அவள்தான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தாள், அவள்தான் ஜன்னலுக்குப் பச்சை அடித்தாள், கொல்லைச் சுவரில் ஒரு செங்கல் வெளியே துருத்திக்கொண்டிருப்பதுகூட அவள் கைபட்ட பிசகுதான்.

அது தீப்பெட்டி வேலை செய்கிறவர்களின் தெரு. காலையில் சங்கு ஊதியதும் கம்பெனி பஸ் வந்து தெருவையே அள்ளிக்கொண்டு போகும், சாயந்திரம் சங்கு ஊதியபிறகு கொண்டுவந்து கொட்டும். இடையில் அந்தத் தெருவில் கோழிகளும், எழுந்து நடக்க முடியாதவர்களும், தீக்குச்சி மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டுகிற சண்முகத்தாயும்தான் இருப்பார்கள். தெருமுனையில் சிமெண்டில் ஓர் ஆர்ச் கட்டியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆர்ச்சுக்கு வெளியே இஞ்சினை அணைத்துவிட்டு, மாப்பிள்ளையானாலும் போலீஸ்காரரானாலும், இறங்கி உருட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வீட்டுக்கு வீடு குச்சியும் மருந்துப் பெட்டியும் அடுக்கியிருக்கிற இடத்தில் அது ஒரு மரியாதை போலவும் ஆகிவிட்டிருந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பையன் வண்டியை எந்த இடத்தில் அணைக்கிறான் என்று முதலில் பார்ப்பார்கள்.

செண்பகராஜ் தன்னுடைய பழைய வண்டியை அப்படி உருட்டிக்கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தி, பெட்ரோலை ஒரு கேனில் வடித்து அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, சங்கிலி போட்டுப் பூட்டி, கத்தாருக்கு லாரி ஓட்டப் போனான். வண்டியின் இரண்டு சக்கரமும் காற்றிறங்கித் தரையோடு தரையாக ஒட்டின, பூட்டு துருப்பிடித்தது, பின்சக்கரக் கம்பிகளுக்கிடையே ஒரு சிலந்தி குடியேறியது. பிறகு ஒரு சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களுக்கு பெட்ரோல் வாடை அடித்தது. சண்முகத்தாய் வீட்டு முற்றத்திலிருந்து நெற்றிப்பொட்டு அளவில், ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளியில், எண்ணெய் மினுங்குகிற சொட்டுகள் சிமெண்ட் ரோட்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் பின்னாலேயே தெருவும் போனது. சொட்டு கண்ணையா வீட்டு வாசலில் போய் நின்றது, நின்ற இடத்தில் ஒரு வண்டி கொஞ்ச நேரம் நின்றிருந்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது.

கண்ணையா மருந்து முக்குகிற ரூமில் வேலை பார்க்கிறவன், கல்யாணமாகாதவன். அவன் காலையில் எல்லோருடனும் பஸ்ஸில் போய் எல்லோர் கண்முன்னாலும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தான் என்பது அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவ்வளவு முன்யோசனையோடு ஒருவன் பஸ்ஸில் வருவானென்றால் அவன் எதையும் செய்யக்கூடியவன் என்று பேசிக்கொண்டார்கள். பெருமாள்சாமி டார்ச் கொண்டுவந்து வண்டியைப் பார்த்தார். பூட்டுத் துரு உதிராமல் இருந்தது, சக்கரம் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது, சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. இவ்வளவும் இருக்க வண்டி எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. எதற்குப் போனது என்றுதான் கேட்டார்கள்.

மறுநாள் சொட்டு பெருமாள்சாமியின் வாசலுக்கே போயிற்று. அவர் மனைவி செல்லத்தாய் வாளித் தண்ணீரை எடுத்துவந்து ஊற்றினாள். பெட்ரோல் தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டு ஏழு நிறமும் காட்டியபடி இன்னும் நாலு வீட்டுக்குத் தெரிகிற மாதிரி ஓடியது. அதற்கடுத்த நாள் வெகுகாலமாகப் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டுக்குப் போயிற்று, பூட்டிய வீட்டுக்குப் போனதைப் பற்றித்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசினார்கள். பிறகு மாரியம்மன் கோயில் பின்சுவருக்குப் போயிற்று, பால் கறக்கிறவர் வீட்டுக்குப் போயிற்று. போன வீடுகளிலெல்லாம் மனைவிமார் புருஷனின் முகத்தையும், புருஷன்மார் மனைவியின் முகத்தையும், மாமியார்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்பட்டார்கள், வேண்டாதவர்களும் வெட்கப்பட்டார்கள், யார் எவர் என்று பிரிக்க முடியவில்லை.

தெரு தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்யாமல் இல்லை. பெட்ரோல் ஒழுகினால் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பெருமாள்சாமி கையில் கிடைத்த சோப்புத் துண்டை ஈரமில்லாமல் பிசைந்து டேப்பைச் சுற்றிப் பொட்டு வைத்த மாதிரி அப்பினார். மறுநாள் சொட்டுகள் சந்தன வாசனையோடு போயின. அந்தத் தெருவில் எல்லோரும் சிவப்பு சோப்புப் போடுகிறவர்கள். சந்தன சோப்பு வாங்குகிற வீடு ஒன்றே ஒன்றுதான், அது பேச்சித்தாய் வீடு. பேச்சித்தாய் வீட்டு சோப்பு பெருமாள்சாமி கைக்கு எப்படி வந்தது என்பதைச் செல்லத்தாய் கேட்கவில்லை. அவள் கேட்காததை எல்லோரும் கவனித்தார்கள். கண்ணையா சைக்கிள் டியூபில் வாசர் வெட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடினான். பெட்ரோலில் ஊறிய டியூப் வாசர் வடை மாதிரி உப்பி, லிவரே திரும்பாமல் போய், அன்று சொட்டு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டு மூன்று பேர் லீவு போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்கள். அவர்கள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், டேப்பிலிருந்து சொட்டு விழவுமில்லை; ஆனால் ஏதோ ஒரு நேரத்தில் ஒருவன் குனிந்து பார்த்தபோது தரை நனைந்திருந்தது, சொட்டு அவர்கள் கால்களுக்கு நடுவே நுழைந்து அவர்களுடைய வீடுகளுக்கே போயிருந்தது. காவல் இருந்தவனை யார் காவல் காத்தது என்று பேச்சித்தாய் கேட்டாள். இன்னொரு நாள் ஆண்கள் சேர்ந்து சங்கிலியை அறுத்து வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ஆர்ச்சுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். சாயந்திரம் பார்த்தால் சொட்டு அங்கிருந்து புறப்பட்டு, ஒரு வாசலிலும் நிற்காமல், நேராக உள்ளே வந்து சண்முகத்தாய் வீட்டு நிலைப்படியில் தேங்கியிருந்தது. வெளியிலிருந்து ஒன்று அவளைத் தேடி வருவதைவிட உள்ளேயிருந்து வெளியே போவது தேவலை என்று தீர்மானித்து வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இதற்குள் தெரு சொட்டோடு வாழப் பழகியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மணல் வாளியோடு ஒருவர் முன்னால் நடப்பார், சொட்டின் மேல் ஒவ்வொரு பிடி மணல் போடுவார், மற்றவர்கள் அவர் பின்னால் பேசாமல் நடப்பார்கள், மணல் யார் வாசலில் தீர்கிறதோ அந்த வீட்டார் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் வாசலில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து பார்த்தார்கள். பிறகு வேண்டாதவன் வாசலுக்கு பாட்டிலில் பெட்ரோல் கொண்டுபோய்ச் சொட்டவிடுகிறவர்களும் வந்தார்கள். அதைக் கண்டுபிடிப்பதில் பேச்சித்தாய் தேர்ந்துவிட்டிருந்தாள்: மனிதன் நடந்துகொண்டே சிந்துகிற சொட்டுக்கு ஒரு பக்கம் வால் இருக்கும், வண்டியின் சொட்டோ ஒவ்வொரு இடத்திலும் அசையாமல் நின்று விழுந்த மாதிரி முழு வட்டமாக இருக்கும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குந்தி, "இது ஆளு," என்பாள், அல்லது "இது வண்டி," என்பாள். அவள் சொன்னது எடுபட்டது. அவளுக்கு வேண்டாதவர்கள் வாசலில் அவள் வால் இல்லை என்று சொல்கிறாளோ என்ற பேச்சும் கூடவே எழுந்தது.

செண்பகராஜ் வாரம் தவறாமல் போன் பேசுகிறவன். அண்ணன் மூலம் அவனுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் போகும்போது டேப்பை அடைச்சிட்டுத்தான போனேன்?"

"அடைச்சிட்டுத்தான் போனீக."

"பின்ன யாரு தொறந்தா?"

"யாரும் தொறக்கலை. தானா ஒழுகுது."

"தானா ஒழுகுறதுக்கு டாங்க்ல பெட்ரோல் வேணும்லா. வடிச்சுல்ல குடுத்தேன். யாரு ஊத்துதா?"

அவன் பக்கத்தில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"நல்லா இருக்கியா?" என்று கடைசியில் கேட்டான்.

"இருக்கேன்."

அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் தெருக்கூட்டம் கூடியது, பெருமாள்சாமி எழுந்து, "உன்மேல யாருக்கும் சந்தேகம் கிடையாதும்மா, ஆனா வண்டி உன் வீட்டுலல்லா நிக்கி," என்று ஆரம்பித்து வெள்ளிக்கிழமையில் முடித்தார்.

பக்கத்து ஊர் மெக்கானிக்குகள் யாரும் வர மறுத்துவிட்டார்கள். யேசுவடியான் மட்டும் கூப்பிடாமலே வந்தார், பைபாஸில் இருக்கிற அவருடைய பட்டறை வாசலில் முந்தின நாள் சொட்டு வந்து நின்றதுதான் காரணம். அதிலிருந்து அவர் மனைவி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது அவர் டேப்பின் முகப்புத் தகட்டைப் பிரித்தார். அலைபோல வளைந்த ஸ்பிரிங் வாசரை எடுத்துத் துணியில் வைத்தார், லிவரை உருவினார், அடியில் நாலு ஓட்டை போட்ட வாசர் கல்லாகிப் போய் இரண்டாகப் பிளந்திருந்தது. லிவரின் முகத்தில் மோதிரம் மோதிரமாகக் கோடு விழுந்திருந்தது. ஒரு கண்ணாடித் துண்டை மடியில் வைத்து, அதன் மேல் உப்புத்தாளைப் போட்டு, லிவரின் முகத்தை எட்டு எழுதுகிற மாதிரி தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கோடு மறைந்து உலோகம் நிலா மாதிரி வெளுத்தது. பேச்சித்தாய் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் சண்முகத்தாய் அவரைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தத் துண்டுக்கு மேல் எந்தத் துண்டு, எந்தப் பக்கம் மேலே, எவ்வளவு முறுக்கு என்பதெல்லாம் அவள் கண்ணில் பதிந்துவிட்டது.

"ரப்பர் வேண்டாம், கார்க்குதான் நிக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவர் கார்க் தகட்டில் புது வாசர் வெட்டினார், பழைய வாசரின் ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஆணியைச் சூடாக்காமல் கையாலேயே திருகி ஓட்டை போட்டார். எல்லாவற்றையும் அடுக்கி, திருகாணியை மாட்டி, லிவரை அடைக்கிற பக்கம் திருப்பினார். சொட்டு நின்றது. திறக்கிற பக்கம் திருப்பினார், டாங்க் இல்லாத டேப்பிலிருந்து சொட்டியது. திரும்ப அடைத்தார். நின்றது.

"இவ்வளவு நாளும் இது வெறும் ஓட்டை, தங்கச்சி," என்றார். "இனிமே இது டேப்பு."

"தொறந்தா வருது."

"தொறந்தா வரத்தான் செய்யும். தொறக்காதீக."

அவர் டாங்க்கை ஏற்றி, டேப்பை மாட்டி, லிவரை அடைத்துவிட்டு, தரையில் கை ஊன்றி எழுந்தார். போகும்போது பேச்சித்தாய் வாசலுக்கு நேரே நின்று, "நான் போறேம்மா," என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்.

சாயந்திரம் பஸ் வந்தது. மணல் வாளிக்காரர் ஆர்ச்சிலிருந்து சண்முகத்தாய் வீடுவரை நடந்தார், திரும்ப நடந்தார், மணல் வாளியில் அப்படியே இருந்தது. அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தெருவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. மறுநாளும் சொட்டு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லாதபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் சுத்தமான சிமெண்ட் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஆர்ச்சுக்கடியில் வெகுநேரம் நின்றது. யாரும் நகரவில்லை. யார் வாசலில் பிரிவது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருடைய வாசலையும் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் போவதற்குள் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. சொட்டு நின்றுவிட்டதால் தனக்கு இனி பயமில்லை என்று நினைத்துத்தான் சண்முகத்தாய் வந்தாள், நல்ல சேலை கட்டி வந்தாள். ஓரத்தில் நின்றவளை நடுவுக்கு வரச் சொன்னார்கள்.

"அடைச்சாச்சு, சரி," என்றார் பெருமாள்சாமி. "எதை அடைச்ச?"

"டேப்பைத்தான் அத்தான். நீங்கதான அடைக்கச் சொன்னீக?"

"ஒழுகாம இருக்கச் சொன்னோம். போகாம இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"சொட்டுன வரைக்கும் எங்க போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சுது," என்றாள் பேச்சித்தாய், வெற்றிலையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு. "இப்போ சொட்டாமப் போகுது. வாசர் போட்டுல்ல போகுது."

"சிலந்தி வலை அப்படியேதான் இருக்கு மதினி. வந்து பாருங்க."

"அது அன்னைக்கும் அப்படியேதான தாயி இருந்துச்சு?"

கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. அப்போது கண்ணையா எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசுகிறவனே அல்ல.

"என் வாசலுக்கு அது ஒரு நாளுதான் வந்துச்சு," என்றான். "மத்த நாளெல்லாம் வேற வாசலுக்குப் போச்சு. அந்த நாளுக்கெல்லாம் நான் சுத்தம்னு அந்தச் சொட்டுதான் எனக்குச் சாட்சி. இப்போ சாட்சியையும் சேத்து அடைச்சாச்சு. ஒரு மனுசன் என்ன செய்யட்டும்?"

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை, ஆனால் சொல்லி முடித்ததும் எல்லோருக்கும் அது தங்கள் நினைப்பாகவே இருந்தது. சொட்டு யார் வாசலில் நின்றதோ அந்த ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா வீடும் ஒவ்வொரு நாளும் கழுவிவிட்ட மாதிரி இருந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்த்தார்கள். இப்போது ஒரு வீடும் அப்படி இல்லை. பால் கறக்கிறவர் தலையை ஆட்டினார். மணல் வாளிக்காரர், ஏதோ ஒன்று இருந்தது, அதுவும் போச்சு என்றார்.

"பழையபடி தொறந்து வை," என்றார் பெருமாள்சாமி. "இல்லேன்னா அன்னைக்குப் பேசுன பேச்சுதான். சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு. தம்பிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சண்முகத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டுப் பக்கம் ஸ்பானர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது, அவள் அழப் போயிருக்கிறாள் என்று நினைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் டேப் இருந்தது, விரல்களில் கிரீஸ் ஒட்டியிருந்தது. நல்ல சேலையில்தான் துடைத்திருந்தாள்.

"பாருங்க," என்றாள். லிவரைத் திருப்பினாள். அவள் உள்ளங்கையிலிருந்து கோயில் வாசலில் பொட்டு அளவில் முழு வட்டமாக ஒரு சொட்டு விழுந்தது. பேச்சித்தாய் தன்னையறியாமல் குனிந்து பார்த்தாள். சண்முகத்தாய் திருப்பி அடைத்தாள், நின்றது.

"தொறந்து வைக்கணும், அவ்வளவுதான? வைக்கேன். ஆனா எதுக்கு அத்தான் என் வீட்டுல மட்டும்? நான் வீட்டுலயே இருக்கவ, ஒரு நாள் என் இஷ்டத்துக்கு அடைச்சு வச்சா யாருக்குத் தெரியும்? நீங்க நம்பலாமா? நம்பக் கூடாதுல்லா?"

"நம்பக் கூடாது," என்றாள் பேச்சித்தாய், யோசிக்காமல்.

"அப்போ முறை போடுங்க. அம்மனுக்கு மண்டகப்படி வீட்டுக்கு வீடு வருதுல்லா, அதே மாதிரி இதையும் சுத்தி விடுங்க. ஒரு வீட்டுல இருக்கும்போது மத்த வீட்டுக்காரவுக பாத்துக்கிடுங்க. தொறந்திருக்கா அடைச்சிருக்கான்னு. என்கிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை, அதனால என் முறையும் வரட்டும். எங்க வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லுதவுக யாராவது இருந்தா இப்பவே எந்திச்சுச் சொல்லிருங்க."

திருவிழாவில் ஒரு நாள் அம்மனுக்குச் செய்கிற மண்டகப்படியை வேண்டாம் என்று சொன்ன வீடு அந்தத் தெருவில் இருந்ததில்லை. ஒரு தடவை விட்டால் அடுத்த வருஷம் கேட்டாலும் கிடைக்காது, அப்படி விட்டவனுடைய பேரன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிக்காட்டுவார்கள். ஆண்கள் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு பெண் எழுந்திருக்கப் போன மாதிரி இருந்தது, அவள் பக்கத்திலிருந்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள், எழப் போனவள் மரத்துப்போன காலை நீட்டுகிற மாதிரி நீட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கோயில் மணியின் நாக்கைக் காற்று லேசாக ஆட்டியது, அது மணியைத் தொடவில்லை.

"நியாயந்தான்," என்றான் கண்ணையா.

"மண்டகப்படி எங்கேயிருந்து ஆரம்பிக்கும்?" என்று சண்முகத்தாய் கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆர்ச்சிலிருந்துதான் ஆரம்பிக்கும், ஆர்ச்சுக்கு அடுத்த முதல் வீடு பெருமாள்சாமியின் வீடு.

பெருமாள்சாமி தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கோ," என்றார் தன் மனைவியைப் பார்த்து.

செல்லத்தாய் எழுந்துவந்தாள். சண்முகத்தாய் டேப்பை அவள் கையில் வைத்தாள், வைப்பதற்கு முன்னால் எல்லோரும் பார்க்க லிவரைத் திறக்கிற பக்கம் திருப்பினாள்.

"தொறந்தே இருக்கணும், கேட்டியா," என்றாள் பேச்சித்தாய்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் பெருமாள்சாமி சண்முகத்தாயிடம், அவள் முகத்தைப் பார்க்காமல். "தம்பிக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் போனாள். கூட்டம் கலையவில்லை, அதற்கு இன்னும் பேச வேண்டியது நிறைய இருந்தது. பூட்டிய வீட்டுக்கு முறை உண்டா என்று ஒருவர் கேட்டார், முறை வருகிற நாளில் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தால் டேப்பையும் கொண்டுபோவதா என்று இன்னொருவர் கேட்டார், தீட்டு இருக்கிற வீடானால் என்ன செய்வது, வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதா வீட்டுக்காரரைச் சேர்ப்பதா, மணல் யார் முறையில் யார் கொண்டுவருவது என்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு போயின. பேச்சித்தாய் இரண்டு கைகளையும் உயர்த்தி ஒவ்வொருத்தரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள், பெருமாள்சாமி எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் கோயில் தூணுக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கி, கட்டைவிரலால் லிவரை அடைத்து, டேப்பை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, உலை வைப்பதற்காக வீட்டைப் பார்த்து நடந்தாள்.